பேரம் பேசாத நர்சம்மா

...இல்லை, அந்தத் தலையாட்டலில் ஏதோ இடிக்கிறது, நர்சம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றாரே, சாய்தளம் ஜன்னல் பக்கம் வரட்டுமா, வரட்டும்மா, கைப்பிடி இரும்பில் போடலாமா, போடுங்கம்மா, சரிவு இவ்வளவு போதுமா, உங்களுக்குத் தெரியாததா... ஒரு தடவையாவது ஏன், எதற்கு என்று கேட்டாரா? வாசலில் கலவை இயந்திரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பலகை அடைத்துக் கம்பியும் கட்டியாயிற்று, கூட வந்த மாணவர்கள் கையுறை மாட்டி ஆளுக்கொரு மண்வெட்டியோடு நிற்கிறார்கள், இவள் ஒரு வார்த்தை சொன்னால் கொட்டிவிடுவார்கள். இறுகிப்போன கான்கிரீட்டின் காலில் விழுந்தால் இளகிக் கொடுக்குமா என்ன? கடல் தாண்டிப் போய்ச் சேவை செய்து படிப்பது பொறியியல் கல்லூரியில் ஒரு பாடம், இந்தச் சின்ன மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டிவிட்டால் பாடம் முடிந்தது, ஊர்க்காரர்களின் மொழி தெரிந்தவள் இவள் ஒருத்திதான் என்பதால் தலைவி என்று பட்டம் கட்டிப் பேச அனுப்பியதும் இவளைத்தான், அப்படியானால் அந்தச் சரியை வாங்கி வந்தவளும் இவள்தானே... நாளைக்குத் தப்பென்றால் யார் தலையில் விடியும்?

அப்பாவின் ஜவுளிக்கடையில் கல்லாவுக்குக் கீழே தவழ்ந்து வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா. விலையைக் கேட்டதும் நெஞ்சைப் பிடிக்கிறவள், துணியைக் கசக்கி முகர்கிறவள், சாயம் போகுமே என்று மூக்கைச் சுளிக்கிறவள், அவள்தான் வாங்குவாள், அவளுக்கு நாற்காலி போடு என்பார் அப்பா. 'எல்லாமே ரொம்ப நல்லாருக்குங்க, ஒரு சுத்து சுத்திட்டு வரோம்' என்று சிரித்தபடி எழுந்திருக்கிற குடும்பம் இருக்கிறதே, பூமி சூரியனைச் சுற்றி முடித்தாலும் அந்தக் குடும்பம் சுற்றி முடித்துத் திரும்பாது. நர்சம்மாவின் சிரிப்பு அசல் அந்தச் சிரிப்பு. கடையில் என்றால் துணியை மடித்து வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கலாம், இங்கே காசில்லாமல் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விரித்தாயிற்றே, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தான் என்று ஊர் சொல்லாதா, பாவம், அந்த அம்மாள் எப்படி வாயைத் திறப்பார்...

"தலைவி, நின்னுட்டே தூங்குறியா? கலவை இறுகிட்டா உன்னையும் சேத்துத்தான் ஊத்தணும்," என்றான் ஆங்கிலத்தில், கூட்டத்தில் வாயாடி. பேராசிரியர் தொப்பியால் விசிறிக்கொண்டே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

நர்சம்மா கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க, மாத்திடலாம்." "பிடிக்காம என்னம்மா, இவ்ளோ தூரம் வந்து வெயில்ல கருகுறீங்க, நல்லாத்தான் செய்வீங்க." பார்த்தாயா, மறுபடியும் அதே நல்லா... வாய் திறக்காத வாடிக்கையாளருக்கு அப்பா ஒரு வைத்தியம் வைத்திருந்தார், கண் கூசுகிற நிறத்தில் ஒன்றை விரித்து 'உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்' என்பார், எந்த ஊமைக்கும் வாய் வந்துவிடும். செய்யலாமா? பொய்தானே... "அதில்லக்கா, சரிவு பத்தல. இந்த ஜன்னலை அடைச்சிட்டு இன்னும் உயர்த்திடலாம்னு இருக்கோம்."

சுருட்டிய கை நின்றது. "அடைக்கிறதா? காத்து?" "ஒரு ஃபேன் போட்டுக்கலாம்." "கரண்ட் போனா உங்க பேராசிரியர் வந்து விசிறுவாரா?" அப்பாடா, வந்தது, நாற்காலி போடு! "ஏற்கெனவே அந்தச் சுவரோரம் பூராவும் நீங்க எடுத்துக்கிட்டீங்க. மத்தியானம் நிழல் விழுற இடம் அது ஒண்ணுதான். காய்ச்சக்காரப் பிள்ளைய மடியில வச்சிருக்கிறவங்க இனிமே எங்க உக்காருவாங்க? பின்னாடி ஒரு கதவு சும்மா கிடக்கு, யாராச்சும் கேட்டீங்களா?" "முதல்லயே சொல்லிருக்கலாமேக்கா." "வரும்போதே படத்தோட வந்தீங்க. அவ்ளோ அழகா வரைஞ்ச பிள்ளைங்ககிட்ட என்னத்தச் சொல்றது?"

வெளியே ஓடிவந்து நிறுத்துங்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினாள். பேராசிரியர் ஏதோ கேட்கிறார், மேஸ்திரி கலவையை உன் தலையிலா கொட்ட என்கிற மாதிரி பார்க்கிறார், இருக்கட்டும், பின்பக்கம் பள்ளம் இருந்தால் அங்கே தள்ளலாம், திட்டட்டும், பலகைக்குள் மெய்யாகவே நிழல் விழுந்திருக்கிறதே, அந்த நிழலில்தானே மாணவர்கள் இத்தனை பேரும் ஒண்டியிருக்கிறார்கள்... நெஞ்சு லேசானது, முதல் போணி ஆன காலை மாதிரி. ஜன்னலில் நர்சம்மா எட்டிப் பார்த்தார். "இப்ப மனசு ஆறுச்சாம்மா? காலையிலேருந்து உன் முகமே சரியில்ல."

ஆறியதா... என் மனசா? என் முகத்தைப் பார்த்துத்தான் குறை சொன்னாரா, யாருக்கு யார் வியாபாரம் செய்தது? பின்பக்கக் கதவை நோக்கி நடந்தாள், அளவு நாடாவை இழுத்தாள், விட்டாள், அது படக்கென்று உள்ளே ஓடியது. அப்பா எந்தக் காலத்திலும் 'வேணுமா' என்று கேட்டதில்லை, சிகப்பா நீலமா என்றுதான் கேட்பார், இவளும் எந்தப் பக்கம், எவ்வளவு சரிவு, எந்தக் கம்பி என்றுதானே கேட்டாள்... சாய்தளம் வேண்டுமா என்று கேட்டாளா? வந்த இத்தனை நாளில் ஒரு சக்கர நாற்காலியைக் கண்ணால் பார்த்தாளா? இப்போதுகூடத் திரும்பிப் போய்க் கேட்கலாம், பத்தடி தூரம்தான், கேட்டால் நர்சம்மா மறுபடியும் 'நல்லாத்தாம்மா இருக்கும்' என்பார் என்பதுதான் நன்றாகத் தெரிகிறதே...