ரிஹானின் கையில் இருந்த கரி

சூடானில் எகிப்திய ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய மஹ்தியின் ஆட்கள் ஊரை வளைத்த பிறகு எகிப்தியக் கோட்டைக்குள் யாரும் யாரையும் நம்பவில்லை. ரொட்டி சுடுகிறவன் மாவில் மண் கலக்கிறான் என்று சிப்பாய்கள் சொன்னார்கள். சிப்பாய்கள் எதிரியிடம் ஓடப் பார்க்கிறார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். கெய்ரோவிலிருந்து வந்த ராணுவ மருத்துவர் வஹ்பி எஃபெந்திக்கோ, இடது கையில் குண்டடி பட்டு வருகிறவனைக் கண்டாலே ஆகாது. சண்டைக்குப் பயந்து தன் கையைத் தானே சுட்டுக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். அவ்வளவு பக்கத்தில் வைத்துச் சுட்டால் காயத்தைச் சுற்றி வெடிமருந்துக் கரி படியும். கரி இருந்தால் மரண தண்டனை. இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் பாழாய்ப்போன வேலை அவருடையது.

அன்று காலை குண்டடி பட்டு வந்த சூடானியச் சிப்பாய் ரிஹானின் இடது கை கறுத்துக் கிடந்தது. காயம்பட்டவர்கள் கூட்டத்துக்கு நடுவே வஹ்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கரிதான்" என்றார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் சுடுவதென்று முடிவானது.

மதியம் அவன் மனைவி கல்தூம் மருத்துவமனைக்குள் புயலாக நுழைந்தாள்.

"ஏன் ஹக்கீம், உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? அது நான் அப்பின காப்பித்தூளு! ரத்தம் நிக்கட்டும்னு வச்சேன். உங்க ஊர்ல உங்கம்மா வச்சதில்லையா?"

வைத்திருக்கிறாள்தான். ஆனாலும் வஹ்பிக்குச் சிரிப்பு வந்தது.

"காப்பியா? இங்க மனுஷன் தோல் வாரை வேகவச்சுத் தின்னுட்டிருக்கான். பொய்யையாவது பொருத்தமா சொல்லும்மா."

இருந்த தானியம், சர்க்கரை, காப்பி எல்லாவற்றையும் பொதுக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டதாக அதிகாரிகள் அனைவரும் குர்ஆன் மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். கிடங்கின் காப்பி எப்போதோ தீர்ந்துவிட்டது. ஒளித்து வைத்தவனுக்கும் துப்பாக்கிக் குண்டுதான்.

கல்தூம், முதலில் கட்டியிருந்த ரத்தத் துணியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் மோந்து பார்த்தார். காப்பியேதான். அந்த நேரத்திலும் வாயில் எச்சில் ஊறியது, வெட்கமாக இருந்தது.

காவலறைக்கு ஓடி ரிஹானின் கையை வெந்நீரில் கழுவினார். கறுப்பு முழுக்கக் கரைந்து போயிற்று. வெடிமருந்து என்றால் தோலுக்குள் ஏறியிருக்கும், கழுவினால் போகாது. காலையிலேயே கழுவியிருக்க வேண்டும்.

"காப்பி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கூடவே ஓடிவந்த கல்தூமிடம் கேட்டார்.

"சொன்னா என்னைச் சுட்டுருவாங்க."

"சொல்லாட்டி இவனைச் சுடுவாங்க."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ருஷ்தி பே வீட்டு உரல்ல தினம் காப்பி இடிக்கிறது யாருன்னு நினைச்சீங்க? நான்தான். ஒரு பிடி இடுப்புல முடிஞ்சுட்டு வந்தேன்."

'பே' பட்டம் பெற்ற ருஷ்திதான் கோட்டையின் தளபதி. முதல் ஆளாகச் சத்தியம் செய்தவரும் அவரே.

வஹ்பி போனபோது தளபதியின் அறையில் அதிகாரிகள் காப்பிக்குப் பதிலாகக் கருக வறுத்த சோளத்தைக் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு என் மேல, பே. அது வெடிமருந்து இல்ல."

"காலையில கரி, மத்தியானம் கரி இல்லையா? எவ்வளவு வாங்கினீங்க ஹக்கீம்?" என்றார் பே. எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப அது என்னவாம்?"

வஹ்பி துணியை மேசை மேல் வைத்தார். காப்பி மணம் எழுந்தது. சிரிப்பு அடங்கியது. ஒரு கிழ அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஒருவரை ஒருவர் திருட்டுப் பார்வை பார்த்துக்கொண்டார்கள். பே மட்டும் யாரையும் பார்க்காமல் துணியைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அடுப்புக் கரி. ஹக்கீம் சொல்றது சரிதான். அவனை விட்டுடுங்க."

அதிகாரிகள் வெளியேறினார்கள். வஹ்பியை மட்டும் பே நிறுத்தினார்.

"முதல் கட்டுப் போட்டது யாரு?" குரலில் தேன் ஒழுகியது.

வஹ்பி முந்திக்கொண்டார். "நான்தான் பே."

"அப்படியா? நீங்களே கட்டிட்டு, நீங்களே அதை வெடிமருந்துன்னு சொன்னீங்களா?"

வெளியே முற்றத்தில், விடுதலையான புருஷனைக் கட்டிக்கொண்டு ஒருத்தி குலவையிட்டாள். பே எழுந்து சன்னலருகே போனார்.

"அட, அது நம்ம வீட்டுக் கல்தூம் இல்ல?"