அடிபடும் முன்னே விழுந்தவர்

...திரையில் இந்த மேசை உடைந்ததும் அந்த இடம் வந்துவிடும், வராமலே போனால்தான் என்ன, மின்சாரம் போகக்கூடாதா, படிக்கட்டுப் பக்கமாக இருக்கை பிடித்தது ஓடத்தானே என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். திரையில் நாயகன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான், அரங்கம் விசிலடித்தது, படம் வெளியான நாளின் முதல் காட்சி. இந்தச் சண்டையை வெட்டி ஒட்டிய உதவி எடிட்டர் தான்தான் என்று பக்கத்தில் பாப்கார்ன் கொறிக்கிறவருக்குத் தெரியாது... தெரிந்தால் மட்டும்? "பி.எஸ்சி. படிச்சிட்டு இருட்டுல உக்காந்து எவன் எவனை அடிச்சான்னு பாத்துட்டிருக்கே" என்பாள் அம்மா. நேற்றும் சொன்னாள். பாவம், அம்மாவுக்கு அந்தப் படத்துண்டைப் பற்றித் தெரியாது. குப்பைக்குப் போக வேண்டிய துண்டு. அடியாளாக நடித்த 'மலை' அண்ணன் ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொடுத்த அடிகளின் எண்ணிக்கை தவறி, குத்து வந்து சேரும் முன்பே பொத்தென்று விழுந்துவிட்டார். நாயகன் காற்றில் நின்ற தன் முஷ்டியைச் சந்தேகத்தோடு பார்த்தான். நாற்காலியில் கட்டிப்போட்டிருந்த நாயகி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான்... அந்தப் பார்வை, மழையில் நனையவிட்டுப் பாட்டெடுத்தும் கிடைக்காத பார்வை. அதை எப்படித் தூக்கிப் போடுவது? கல்லூரி ஆய்வகத்திலும் இப்படித்தான், தப்பாய்ப் போன கரைசலைக் கொட்டாமல், நிறம் மாறுமா என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். "யாரைக் கேட்டும்மா இதைச் சேர்த்தே?" என்று இயக்குநர் கத்தினார். எடிட்டர் அண்ணன்தான், "ஒரு ஷோ பாத்துடுங்க சார்" என்றார். "ஜனம் சிரிக்கலேன்னா சாயங்காலமே அதைத் தூக்கிடுவேன். இந்தப் பொண்ணையும் சேத்துத்தான்" என்றார் இயக்குநர்.

மேசை உடைந்தது. குத்து கிளம்பியது, மலை அண்ணன் விழுந்தார், அமைதி. ஐயோ, அந்த இடத்தில் இசையை ஏன் எடுத்தாள், யார் எடுக்கச் சொன்னது... போச்சு, எல்லாம் போச்சு, முன்வரிசையில் இயக்குநரின் வழுக்கை அசையவே இல்லை... "அம்மா, அவரு இன்னும் அடிக்கவே இல்லையே!" என்றது ஏதோ ஒரு குழந்தை. ஒரு ஓரத்தில் குபுக்கென்று ஒரு சிரிப்பு, அதைத் தொட்டு இன்னொன்று, பிறகு அரங்கமே குலுங்கியது, நாயகி சிரித்தது யார் காதிலும் விழவில்லை. நாயகன் திரும்பினான், பார்த்தான். சிரிப்பு தானாக அடங்கியது. யாரோ "ஆஹா..." என்றார்கள், மெல்ல. அப்புறம்தான் வந்தது கைதட்டல், கூரையைப் பெயர்ப்பதுபோல. இயக்குநர் எழுந்து நின்று திரையை விட்டுவிட்டு ஜனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்தார். "அடிக்காமலே விழுந்துட்டான், பாத்தீங்களா தங்கச்சி! எவன்யா இதை யோசிச்சான்?"

"நான்தாங்க."

"அப்போ நான்தான் ஹீரோ" என்று அவர் பாப்கார்னை நீட்டினார். ஒரு கை அள்ளிக்கொண்டாள். இருட்டில் முகம் தெரியாத இத்தனை பேர், வெளிச்சத்தில் வந்தால் ஒருவரிடம்கூட வழி கேட்க நா எழாது. ஆனால் எந்த இடத்தில் சிரிப்பார்கள், எதில் அடங்குவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, முன்கூட்டியே, அத்தனை துல்லியமாக... அப்படியானால் இத்தனை காலம் மனிதர்களிடமிருந்து ஒதுங்கி நின்றது பயத்தினாலா, அல்லது நன்றாகப் பார்ப்பதற்காகவா?