ஒன்பதாவது சிடி, நான்காம் பகுதி

"இது இன்னும் பேசிக்கிட்டே இருக்கும்மா. நிறுத்திடட்டுமா?"

நர்ஸ் ஒரு கையால் அக்காவின் தலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இயர்போன் வயரை விடுவித்துக்கொண்டிருந்தாள். தலையணையில் விழுந்த இயர்போனிலிருந்து எறும்பு பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர். அந்தப் பகுதி முடியட்டும்," என்றாள் சின்னவள்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான பேச்சு என்று உறைத்தது. நர்ஸ் வயரைத் தலையணை மேலேயே விட்டுவிட்டாள். இதைவிட அசட்டுத்தனமானதை எல்லாம் அந்த வார்டில் கேட்டிருப்பாள். குரல் ஓய்ந்து, அடுத்ததைத் தொடங்குவதற்குள் சின்னவள் பிளேயரை அணைத்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் பின்பக்கம் சூடாக இருந்தது. பாட்டரிச் சூடுதான் என்று தெரிந்தும், கைப்பையில் போடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காலை மணி ஆறரை. ஆறேகாலுக்குத்தான் போன் வந்தது. பார்வையாளர் நேரம் மாலை நாலிலிருந்து ஆறு வரை என்று மூன்று வாரத்துக்கு மேலாக அவளோடு மல்லுக்கட்டிய காவலாளி, இன்று எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டிருந்தார். அதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்தவள். சின்னவள் தையல்காரி. கல்யாணம் என்பது ஒருத்திக்கு நடக்கவே இல்லை; இன்னொருத்திக்கு நடந்து, எட்டு மாதத்தில் அவன் வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பியதோடு முடிந்தது. அதன் பிறகு இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு தையல் மெஷின் என்று இருவரும் ஒன்றாகவே இருந்துவிட்டார்கள்.

டியூட்டி முடிந்து வந்து முகம் கழுவியதும், அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு நூலகப் புத்தகத்தைப் பிரிப்பாள். நாளெல்லாம் "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று சொல்லிச் சொல்லிக் களைத்திருக்க வேண்டிய தொண்டை, கதை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். கிழவனுக்கு ஒரு குரல், அவன் மருமகளுக்கு ஒரு குரல், கடன் கேட்டு வந்தவனுக்கு மூக்கடைத்த குரல். வர்ணனை வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவாள்.

"மலை, மேகம், மழையெல்லாம் நீயே போட்டுக்கோ ஊசி. நான் பேச்சை மட்டும் படிக்கிறேன்."

'ஊசி' என்பது அக்கா வைத்த பெயர். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும், தொழிலும் அதுவே.

"ஏய் ஊசி, மிதிக்கறதை நிறுத்து. முக்கியமான இடம்."

"நிறுத்தினா நாளைக்கு அந்த டீச்சர் வெறும் துணியச் சுத்திக்கிட்டுதான் பள்ளிக்கூடம் போவாங்க."

"போகட்டும். இங்க ஒருத்தி வாசல்ல பெட்டியோட நிக்கறா. அவளை உள்ளே கூப்பிடப்போறாங்களா இல்லையா?"

மெஷின் நின்றுவிடும். அந்த வீட்டில் தைத்த துணிகளில் எங்கெங்கே தையல் நின்று மறுபடி தொடங்கியிருக்கிறது என்று பார்த்தால், எந்தக் கதையில் எந்த இடம் என்று சின்னவளால் சொல்லிவிட முடியும்.

அக்காவின் கண் மங்கத் தொடங்கியதும் புத்தகம் சின்னவள் கைக்கு வந்தது. நான்கு நாள்கூட ஓடவில்லை.

"வேணாம் தாயே. நீ படிச்சா மருந்துச் சீட்டு படிக்கற மாதிரி இருக்கு. காதலிக்கிறவனும் பால் ஊத்தறவனும் ஒரே குரல்ல பேசறாங்க."

அதற்குப் பிறகுதான் பார்வையற்றோர் நூலகத்திலிருந்து சிடிகள் வந்தன. யாரோ முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து படித்துப் பதிந்த கதைகள். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும், கண் தெரியாதவர்களுக்காக, எத்தனையாவது சிடி, எத்தனையாவது பகுதி என்று சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போவார்கள். அலமாரி மேலிருந்த சிடி பிளேயரின் தட்டு பாதியில் சிக்கிக்கொள்ளும். கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே போகும்.

ஆஸ்பத்திரிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சேர்க்கப்பட்ட அன்றே அக்கா புலம்பத் தொடங்கிவிட்டாள்.

"பதினாலு சிடி. வாங்கி வெச்சு ரெண்டு மாசமாச்சு, இன்னும் தொடவே இல்லை. இப்படியே போயிட்டா, அட்டையில நீ படிச்சுக் காட்டின அந்தப் படகுக்காரன் பொண்டாட்டிகிட்ட திரும்பி வந்தானா இல்லையான்னு எனக்கு யாரு சொல்லுவா?"

"வந்துடுவான்க்கா."

"நீ சொல்லாதே. உன்னைக் கேட்டா எல்லாரும் வந்துடுவாங்க."

சின்னவள் அன்று மாலையே தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். இத்தனூண்டு பிளேயரில் பதினான்கு சிடியும் அடங்கும் என்று கடைக்காரர் சொன்னபோது அவள் நம்பவில்லை. ஓரத்திலிருந்த பழைய கம்ப்யூட்டரில் எப்படி ஏற்றுவது என்று ஒரு தடவை காட்டிவிட்டு அவர் வாடிக்கையாளர்களிடம் போய்விட்டார். அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக மவுஸைத் தொட்டவள், நான்கு நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து ஒவ்வொரு சிடியாக ஏற்றினாள். பிளேயரை அக்காவின் உள்ளங்கையில் வைத்தபோது அவளால் பெருமையை அடக்க முடியவில்லை.

"சும்மா சும்மா ஒரு கேள்வி கேட்டுதுக்கா. இதே பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, ரெண்டையும் வெச்சுக்கவான்னு. வெச்சுக்கோ வெச்சுக்கோன்னு அழுத்திக்கிட்டே இருந்தேன்."

அக்கா பொத்தான்களை விரலால் தடவிப் பார்த்தாள். "கெட்டிக்காரிதான் ஊசி நீ," என்றாள்.

அன்று காலை பத்து மணிக்கு அக்காவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தம்பி வெளியூரிலிருந்து பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தான். முன்னறையில் மெஷினைச் சுவரோரம் தள்ளி இடம் பண்ணியிருந்தது. எக்ஸ்சேஞ்சில் அக்காவோடு வேலை பார்த்த மூன்று பெண்கள் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அழுகையைக்கூடத் தொண்டை தெளிவாக வைத்துக்கொண்டு அழுதார்கள்.

தம்பி அவளைச் சமையலறைக்கு அழைத்தான்.

"அக்கா, பெரியக்கா கடைசி வரைக்கும் அந்தக் கதைப்பெட்டியையே கேட்டுக்கிட்டு இருந்தாங்களாமே. அதைக் கூடவே வெச்சு அனுப்பிடலாமா?"

"வெச்சுடலாம்டா. வயரைச் சுத்திக் கொண்டுவரேன்."

வயரைச் சுற்றப்போனவள், ஒரு தடவை கேட்டுவிடலாமே என்று காதில் வைத்து அழுத்தினாள். கணீரென்று ஒரு பெண் குரல்: "சிடி எண் பதிமூன்று. பகுதி நான்கு." படகுக்காரன் மனைவிக்கு நரைத்திருந்தது; யாரோ பேத்திக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். அடுப்புத் திட்டில் சாய்ந்து நின்று கேட்டாள். ஆறு நிமிடத்தில் அது முடிந்தது. அடுத்து, "சிடி எண் பதினான்கு. பகுதி நான்கு." அதற்கடுத்து, "சிடி எண் ஒன்று. பகுதி ஐந்து." படகுக்காரன் மனைவி பதினேழு வயதுப் பெண்ணாக, ஆற்றங்கரையில் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே நாற்காலிகள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காதில் வைக்கச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒவ்வொரு சிடியிலயும் முதல் பகுதிக்குப் பேர் ஒண்ணுதாங்க. அதனாலதான் ரெண்டையும் வெச்சுக்கவான்னு கேட்டிருக்கும். சிடிக்கு ஒரு ஃபோல்டர்னு தனித்தனிப் பெட்டியா போடணும். நீங்க எல்லாத்தையும் ஒரே பெட்டில போட்டுட்டீங்க. அதுக்கு நம்பர்தான் தெரியும், கதை தெரியாது. பதினாலு சிடியோட ஒண்ணாம் பகுதியெல்லாம் வரிசையா நின்னுடுச்சு, அப்புறம் ரெண்டாம் பகுதியெல்லாம். நான் கூடவே நின்னு பார்த்திருக்கணும்."

"மூணு வாரமா அவ என்னத்தைக் கேட்டா?"

அவர் பிளேயரை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீழே கிடந்த வயரை எடுத்து அதன் மேல் வைத்தார்.

தினமும் மாலை, "கதை எப்படிக்கா போகுது?" என்று கேட்டிருக்கிறாள். "ஓடுது," என்பாள் அக்கா. ஒரு நாள்கூட வேறு வார்த்தை சொல்லவில்லை. அக்காவின் கட்டைவிரல் பொத்தானைப் போட்டு அழுத்திக்கொண்டே இருந்ததும் நினைவுக்கு வந்தது. விரல் துடிக்கிறது என்று டாக்டர்கூடச் சீட்டில் எழுதினார். "நோண்டிக்கிட்டே இருக்காதேக்கா, கெட்டுப்போயிடும்," என்று இவள் ஒரு நாள் அதட்டினாள். "சரி தாயே," என்று அக்கா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். எங்கேயாவது கதை நேராக வராதா என்று தேடித் தேடி அலுத்திருப்பாள். வாசலில் பெட்டியோடு ஒருத்தி நின்றால், அவளை உள்ளே கூப்பிட்டார்களா என்று தெரியாமல் தூங்கமாட்டாதவள்.

"வெச்சுடலாமாக்கா? வண்டி வந்தாச்சு," என்றான் தம்பி.

"வேணாம்டா. அதை மட்டும் வெக்க வேணாம்."

எடுத்துப்போனார்கள். எல்லாம் மூன்று மணிக்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அக்காவின் போர்வை, பிளாஸ்க், செருப்பு எல்லாம் வார்டிலேயே இருக்கின்றன, எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். சின்னவள் மாலை நாலு மணிக்குத்தான் போனாள். அதற்கு முன்னால் அவளை உள்ளே விட இனி காரணம் எதுவும் இல்லை.

அக்காவின் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில், காலில் மாவுக்கட்டோடு, விடுதியில் சமையல் வேலை பார்த்த அம்மாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நேற்று நடுவில் திரை போட்டிருந்ததால் இவள் அவரைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னும் தலையசைப்பு மட்டும்தான்.

"ஊசி நீங்கதானே?" என்றார் அந்த அம்மாள்.

அந்தப் பெயரை வேறு யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. தலையாட்டினாள்.

"பிளாஸ்க்கை என்கிட்டதான் வெச்சிருக்கேன், இந்தாங்க. அந்தக் கதைப்பெட்டி? அதைத் தூக்கிப் போட்டுடலையே?"

சின்னவள் கைப்பையைத் தொட்டாள். பிறகு, யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"அதை நான் தப்பா ஏத்திட்டேன்மா. கதையே மாறி மாறி வருது. மூணு வாரம் அவளைச் சித்திரவதை பண்ணிட்டேன்."

"அடடா, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா!" அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்களே."

"அவளுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். எக்ஸ்சேஞ்சுக்காரங்களாச்சே! 'லைன் எல்லாம் குறுக்க மாட்டியிருக்கு, ஒண்ணொண்ணா பிரிச்சுக் குடுத்தா சரியாப் போயிடும்'னாங்க. ஒரு பகுதி முடிஞ்சா அது பாட்டுக்கு அடுத்த சிடிக்குத் தாவிடும். உடனே பொத்தானைப் பதிமூணு தடவை தட்டணும். தட்டினா, நம்ம சிடியோட அடுத்த பகுதி வந்து நிக்கும். டக் டக்குனு தட்டுவாங்க, நானும் இங்கேர்ந்து எண்ணுவேன்."

சின்னவள் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள்.

"முதல் சிடி முடிஞ்சப்போதான் மாட்டிக்கிட்டாங்க. சிடிக்குப் பன்னெண்டு பகுதி; ரெண்டாவதோட ஆரம்பத்துக்குப் போகணுமே? பின்னாடி நூத்தி அம்பத்து நாலு தடவை தட்டினாங்கம்மா! விரல் வீங்கிப்போச்சு. மூணாவது சிடி முடியறப்போதான் கண்டுபிடிச்சாங்க, முன்னாடி பதினாலு தட்டினாலே சுத்தி வந்து அங்கதான் நிக்குதுன்னு. 'இது தெரியாம போச்சே'ன்னு சிரிச்ச சிரிப்புல நர்ஸம்மா ஓடி வந்துட்டாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் சரிபண்ணிக் கொண்டுவந்திருப்பேனே."

"நானும் அதைத்தான் சொன்னேன். 'குடுத்தா திரும்பி வர நாலு நாளாகும். நாலு நாள் என்கிட்ட இருக்கோ இல்லையோ'ன்னாங்க. அப்புறம், 'தைச்ச சட்டையில கை மாறிப்போனாலே ரெண்டு நாள் சாப்பிடமாட்டா அவ'ன்னாங்க."

செவிலியர் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டிக்கு வழிவிட்டுச் சின்னவள் கட்டிலை ஒட்டி நின்றாள்.

"மத்தியானமானா எனக்குக் கதை சொல்லுவாங்க," என்றார் அந்த அம்மாள். "ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரல்ல. சும்மா உக்காந்து கேக்க எனக்கு முன்னெல்லாம் நேரம் ஏது? பொறுக்க முடியாம, கடைசிப் பகுதிக்கே போய், அவன் வந்தானான்னு மட்டும் பார்த்துட்டு வாங்களேன்னு கெஞ்சினேன். 'லைன்ல காத்துக்கிட்டிருக்கறவங்களைத் தாண்டி யாருக்கும் கனெக்ஷன் குடுக்கற பழக்கம் எனக்கில்லை'னுட்டாங்க."

"எது வரைக்கும் கேட்டா?"

"ஒன்பதாவது சிடி, நாலாம் பகுதி." அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நேத்து விடியக்காலைல எழுந்து போட்டுக்கிட்டாங்க. இங்க படுத்திருந்தா அந்த இயர்போன் சத்தம் எறும்பு மாதிரி கேக்கும். நாலாம் பகுதி முடிஞ்சு, ஒரு நிமிஷம் நின்னு, அடுத்தது ஆரம்பிச்சுது. நான் எண்ணறதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணுகூட வரலை. அப்பத்தான் மணியை அடிச்சு நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன்."

சின்னவள் கைப்பையிலிருந்து பிளேயரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இயர்போனின் இரண்டு முனைகளையும் விரலால் துடைத்தாள். வயர் எங்கோ சிக்கியிருந்தது; நகத்தால் மெல்லப் பிரித்தாள்.

"எனக்குக் கதையில ஒண்ணுமே தெரியாதும்மா. முதல்லேர்ந்து சொல்றீங்களா?" என்றாள். "பேச்சை மட்டும் சொன்னா போதும்."

"ஒன்பது சிடியையும் நான் சொல்லணுமே. ஆறு மணிக்கு மணி அடிச்சு உங்களை வெளியே அனுப்பிடுவாங்க."

"நாளைக்கும் வரேன்."

அந்த அம்மாள் மாவுக்கட்டு போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கிச் சுவர்ப்பக்கம் நகர்த்திவைத்தார். இன்னொரு காலையும் மடக்கிக்கொண்டார். கட்டிலின் ஓரத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் உண்டாயிற்று.