ராணி நலம்

என் மேசையில் ஒரு பீங்கான் தட்டு நிறையத் தண்ணீர். நடுவே கவிழ்த்த கிண்ணம். அதன் மேல், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே, நாற்பது எறும்புகள். வீட்டு எறும்புகள் வந்து இவற்றைக் கொன்றுவிடக் கூடாதென்று தண்ணீர். அம்மா சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதை நான் எறும்புகளுக்குச் செய்திருந்தேன்.

அம்மா பிப்ரவரியில் பிரான்சுக்குப் போனார். முஆஸ் அண்ணனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மூன்று மாதம் என்றார். ஆறு மாதம் ஆகிவிட்டது. அத்தா இறந்து நான்கு வருடம். முல்லா வீதி வீட்டில் நான் மட்டும். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் சேதராப்பட்டு. மருந்துக் கம்பெனி லேபில் நாள் முழுக்க மாத்திரைகளைக் கரைத்துப் பார்ப்பேன். ஆறு மணிக்கு வீடு. பத்து வார்த்தை பேசாமல் ஒரு நாளைக் கழிக்க முடியும் என்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டேன்.

எறும்புகளை ஜனவரியில் எடுத்தேன். எம்.எஸ்சி. சான்றிதழ் வாங்கக் காலாப்பட்டு போனபோது, பல்கலைக்கழக வளாகத்துக் காட்டில், ஒரு மரத்தில் காய்ந்து நின்ற சுள்ளியை ஒடித்தேன். உள்ளே துளை. துளையில் எறும்புகளும் புழுக்களும். ஓர் எறும்பின் நீளம் இரண்டு மில்லிமீட்டர். வீடுகளுக்குள் வராத காட்டு வகை. பேரினம் வரைதான் எனக்குச் சொல்லத் தெரியும். டிபன் பாக்ஸில் சுள்ளியை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்ணாடிகளுக்கு நடுவே, சுள்ளித் துளையின் அளவுக்கு இடம் விட்டு அட்டை வெட்டி ஒட்டினேன். மேலே சிவப்பு ஜெலட்டின் பேப்பர். எறும்புக்குச் சிவப்பு தெரியாது, இருட்டென்று எடுத்துக்கொள்ளும். பல்குத்தும் குச்சி நுனியில் தேன். இரண்டு நாளைக்கு ஒரு பழ ஈ, இரண்டாக நறுக்கி.

தினமும் நோட்டில் எழுதுவேன். வெப்பம், எண்ணிக்கை, தீனி. கடைசியில் ஒரு வரி: ராணி நலம்.

ராணி மற்றவற்றைவிடச் சற்றே பெரியது. வயிறு பருத்தது. மூலையை விட்டு நகராது. மற்றவை வந்து ஊட்டும். ஜூனில் அந்த மூலையில் புதிய முட்டைகளைப் பார்த்த அன்று சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் என்றேன். காலி வீட்டில் என் குரல் யாருடையதோ போல் இருந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேபில் என்னுடன் வேலை செய்யும் இனியா போன் செய்தாள். அவள் ஹாஸ்டலில் மோட்டார் பழுது, குளிக்க வரலாமா என்று கேட்டாள். வந்தாள், குளித்தாள், தலையைத் துவட்டிக்கொண்டே என் மேசையைப் பார்த்தாள்.

"என்னாடி இது, எறும்புக்கு ஸ்விம்மிங் பூல் கட்டி வச்சிருக்க?"

சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆரம்பித்த பிறகு நிறுத்த வரவில்லை. இருபது நிமிஷம் பேசியிருப்பேன்.

"எங்க வூட்ல எறும்பு வந்தா பொடி போடுவாங்க. நீ தேன் வக்கிற. சரி, மகாராணியக் காட்டு."

லென்ஸைக் கொடுத்தேன்.

"இதுவா? கொஞ்சம் குண்டா இருக்கு. அதுக்காவ ராணின்னுட்டியா?"

"வயித்தப் பாரு."

"எனக்குந்தான் வயிறு இருக்கு. முட்ட போட்டதப் பாத்தியா?"

"முட்ட இருக்கே."

"யாரு போட்டதுன்னு கேக்குறேன். பாத்தியா?"

பார்க்கவில்லை.

"அப்ப எப்படி எழுதுன? லேப்ல இப்படி எழுதுனா நம்ப மேனேஜர் உன்ன வெயில்ல காயப்போட்டுருவாரு."

கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது லேபின் முதல் விதி. மாத்திரைகள் விஷயத்தில் நான் அதை ஒருநாளும் மீறியதில்லை.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி இனியா கேட்டாள். "அடுத்த வாரமும் வரட்டா? தண்ணி வந்தாக்கூட வரேன்."

"ம்" என்றேன். அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள்.

கதவைச் சாத்திவிட்டு லென்ஸை எடுத்தேன். ஜூன் முட்டைகளில் ஏழு இப்போது கூட்டுப்புழுக்களாகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரிய கண்கள். சிறிய தலை. பக்கவாட்டில் மடிந்த இறக்கை மொட்டுகள். ஏழும் ஆண்.

எறும்பில் கருவுறாத முட்டை ஆணாகும். வேலைக்காரிகள் இணைவதில்லை. ஆனால் ராணி இல்லாமல் போனால் அவர்களில் சிலர் முட்டையிடுவார்கள். அவற்றிலிருந்து ஆண்கள் மட்டுமே வரும். நான் ராணி என்று எழுதிவந்தது ஒரு வேலைக்காரி. உண்மையான ராணி அதே மரத்தில் வேறொரு சுள்ளியில் இருந்திருக்கும். இந்த வகை ஒரே குடும்பமாகப் பல சுள்ளிகளில் பிரிந்து வாழும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஒரே ஓர் அறையை உடைத்து எடுத்து வந்து, வீடு என்று நினைத்திருந்தேன்.

அம்மா வீடியோவில் வந்தார்.

"என்னா, மொகம் ஒரு மாரி இருக்கு?"

"ஒன்னுமில்லம்மா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"என்னா சாப்ட்ட?"

"தோச."

வீட்டில் மாவு இல்லை. பின்னால் குழந்தை அழுதது. அம்மா போனை அணைக்காமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினார். சிறிது நேரம் திரையில் அந்த வீட்டின் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்காரி ஓராண்டு வாழும். புதிதாக மகள் பிறக்கப்போவதில்லை. பொங்கலுக்குள் கூடு முடிந்துவிடும். அதிலிருந்து மிஞ்சக்கூடியது அந்த ஏழு ஆண்கள்தான். கண்ணாடிக்குள் இருந்தால் இரண்டு வாரத்தில் செத்துப்போகும். காட்டில் பறந்து, வேறு கூட்டின் இளம் ராணி ஒன்றைச் சேர்ந்தால், இந்தக் கூட்டில் கொஞ்சம் எங்கேயோ இருக்கும்.

அடுத்த ஞாயிறு இனியா வரவில்லை. மோட்டாரைச் சரிசெய்துவிட்டார்கள். நானும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏழும் தோலுரித்து இறக்கையோடு வெளியே வந்துவிட்டன. கண்ணாடியை டிபன் பாக்ஸில் வைத்துக் காலாப்பட்டு பஸ் ஏறினேன்.

கேட்டில் காவலாளி நிறுத்தினார். "எங்க பாப்பா, லைப்ரரியா? இன்னிக்கி லீவு."

"இல்ல. எறும்பு விடணும்."

"என்னாது?"

"இங்கேர்ந்து எடுத்துட்டுப் போனது."

"உள்ள இருக்கிறது பத்தாதுன்னு நீ வேற கொண்டாறியா?" டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தார். "போ, போ. கடிச்சா என்னாண்ட வரக் கூடாது."

ஜனவரியில் எடுத்த போட்டோவை வைத்து மரத்தைக் கண்டுபிடித்தேன். பட்டையில் அதே வகை எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. ஒருவேளை இவை என் வேலைக்காரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஈரத் தூரிகையால் ஒன்றை மட்டும் எடுத்துப் பட்டையில் விட்டேன். மரத்து எறும்புகள் இரண்டு வந்து மீசையால் தடவின. ஒன்று காலைக் கவ்வியது. மூன்றாவது ஓடி வந்தது. ஊதி விலக்கி எடுப்பதற்குள் முன்னங்கால் போய்விட்டது. ஏழு மாதத்தில் அதன் மேல் என் தேன் வாசமும் அட்டை வாசமும்தான் இருந்திருக்கும். திரும்பக் கண்ணாடிக்குள் விட்டேன். கூட்டுக்காரிகள் சுற்றி வந்து அதை நக்கின.

வெயில் இறங்கியதும் மேல் கண்ணாடியைச் சற்று நகர்த்தினேன். முதல் ஆண் விளிம்புக்கு வந்தது. இறக்கையை அடித்தது, நின்றது, பிறகு இல்லை. இரண்டு மில்லிமீட்டர் உடம்பை ஒரு முழத்துக்கு மேல் கண்ணால் தொடர முடியாது. கால் மணி நேரத்தில் ஆறு போயின. ஏழாவது விளிம்பு வரை வந்து, திரும்பி நடந்து, வேலைக்காரிகளுக்கு அடியில் புகுந்துகொண்டது. காத்திருந்தேன். வரவில்லை. இருட்டத் தொடங்கியதும் கண்ணாடியை மூடினேன்.

மறுநாள் லேபில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மறுபடி காலாப்பட்டு பஸ் ஏறினேன். கேட்டில் அவரே இருந்தார்.

"இன்னும் எத்தினி இருக்கு?" என்றார்.

"ஒன்னுதான்" என்றேன்.