அராவிய இடம்

அமெரிக்கர் வருவதற்கு முதல்நாள் மதியம், தகடு அழுத்தும் பிரஸ்ஸின் இடுப்பில் குத்தியிருந்த ராணுவ நட்சத்திரத்தை அராவி எடுக்கும் வேலை சிகுசாவின் தலையில் விழுந்தது.

"கை சின்னதா இருக்கிறவங்கதான் அந்த மூலைக்குள்ள நுழைய முடியும்" என்றார் முதலாளி குராமோச்சி. "தடமே தெரியக் கூடாது. சண்டையில நம்மகிட்ட அடிபட்ட மனுஷன் கண்ணுல அது பட்டா என்ன ஆகும்?"

அரத்தை எடுத்தாள். முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக, அடிக்கொரு தரம் துணியால் துடைத்துப் பார்த்துக்கொண்டே அராவினாள். நட்சத்திரம் ஆழமாகக் குத்தப்பட்டிருந்தது. சரியாகத்தான் செய்கிறோமா என்ற சந்தேகம் வேறு. எந்த வேலை செய்தாலும் அவளுக்கு அந்தச் சந்தேகம் வரும்.

தோக்கியோவின் தாமா ஆற்றங்கரைப் பட்டறைகளில் குராமோச்சியின் பட்டறை சின்னது. தகட்டை வைத்து அழுத்தினால் கிண்ணமாக்கித் தரும் அந்தப் பெரிய பிரஸ்தான் அதன் உயிர். இப்போது மோட்டார் சைக்கிள் முன்விளக்குக்கு ஓடு அடிக்கிறார்கள். இதுவரை ஓடு வாங்கிக்கொண்டிருந்த பெரிய கம்பெனி சொந்தமாகவே அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. இனி அமெரிக்க ஆர்டர் ஒன்றுதான் கதி. "அது கிடைக்கலேன்னா இந்தப் புது வருஷத்துக்கு மெஷினுங்க மேல மோச்சி வைக்க நாம இங்க இருக்க மாட்டோம்" என்று காலைக் கூட்டத்தில் முதலாளி சொல்லியிருந்தார். ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் வெள்ளை வெளேரென்று அரிசி உருண்டை வைத்துக் கும்பிடுவதுதான் பட்டறையின் புத்தாண்டு.

பட்டறை மூடினால் சிகுசா அகிதாவுக்கு ரயில் ஏற வேண்டியதுதான். இரவுப் பள்ளியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. அகிதாவில் அவள் ஊருக்குப் பக்கத்தில் இரவுப் பள்ளி கிடையாது.

"என்ன, வாய் முணுமுணுக்குது?" பிரஸ் ஓட்டும் நெமோத்தோ எட்டிப் பார்த்தார்.

"சரித்திர வகுப்புக்குண்ணே. வெள்ளிக்கிழமை எழுந்து நின்னு சொல்லணும். மெய்ஜி சக்கரவர்த்தி காலத்து முதல் ரயில்லேர்ந்து இந்த மாசம் ஓட ஆரம்பிச்ச புது ரயில் வரைக்கும். ரயில், பட்டு, இரும்பாலை, போர்க்கப்பல் வரைக்கும் நல்லா வருது. அதுக்கப்புறம் வர்ற சண்டைக்காலம் புத்தகத்துலயே அரைப் பக்கம்தான். திடீர்னு தொலைக்காட்சி, துணி துவைக்கிற மெஷின்னு வந்துடுது."

"அந்த அரைப் பக்கத்தத்தான் நீ அராவிட்டிருக்க" என்று சிரித்தார் அவர். "இந்த பிரஸ் சண்டையப்ப படைக்கு ஹெல்மெட் அடிச்சுது. தோத்த கையோட மிச்சமிருந்த ஹெல்மெட்டக் கவுத்துப் போட்டு ரெண்டு காது வச்சோம், சோறு பொங்குற சட்டி ஆச்சு. இப்ப கண்ணாடி வச்சா விளக்கு. இதுக்கு என்ன தெரியும்? கிண்ணம் கேட்டா கிண்ணம் குடுக்கும்."

மறுநாளுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. தோக்கியோவில் ஆங்கிலம் பேசும் வாயெல்லாம் ஒலிம்பிக்ஸுக்குப் போயிருந்தது. பட்டறையில் ஆங்கிலப் பாடம் படிப்பவள் சிகுசா ஒருத்திதான்.

"எனக்கு வராது முதலாளி."

"வந்த வரைக்கும் பேசு."

"அவ ஜப்பானியமே அகிதா வாசம் அடிக்குது. இங்கிலீசு எப்படி இருக்குமோ!" என்றார் நெமோத்தோ. எல்லோரும் சிரித்தார்கள். சிகுசா சிரிக்கவில்லை.

கார்வர் என்ற அந்த அமெரிக்கர் நெட்டையாக, சிடுசிடுப்பில்லாதவராக இருந்தார். வீட்டில்போல் பட்டறையில் யாரும் வெளிச்செருப்பைக் கழற்றி உள்செருப்பு மாற்றுவதில்லை. ஆனாலும் முதலாளியம்மா வாசலில் புதுச் செருப்பு ஒரு ஜோடி வைத்திருந்தார். அதில் கார்வரின் கால் பாதிதான் நுழைந்தது. குதிகால் தரையில் இழுபட அதையும் போட்டுக்கொண்டு நடந்தார். விளக்கு ஓடுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், விளிம்பை விரலால் தடவினார், தலையாட்டினார். குராமோச்சியின் தோள்கள் கொஞ்சம் இறங்கின.

பிறகு அவர் பிரஸ்ஸைச் சுற்றி வந்தார்.

கறுத்துப் போன அந்த இரும்பு உடம்பில் சிகுசா அராவிய இடம் மட்டும் கண்ணாடித் துண்டுபோல் பளபளத்தது. இவ்வளவு பளிச்சென்று நட்சத்திரம்கூடத் தெரிந்ததில்லை.

"இங்க என்ன இருந்துச்சு?" என்று அதில் விரல் வைத்துக் கேட்டார் கார்வர்.

குராமோச்சி உதடு அசையாமல் சொன்னார்: "துருன்னு சொல்லு."

"துரு" என்றாள் சிகுசா ஆங்கிலத்தில்.

கார்வர் விரலை மேலே நகர்த்தினார். பளபளப்புக்கு மேலே, எண்ணெய் அழுக்கு அடைத்த நான்கு திருகு ஓட்டைகள். "துருவுக்கு யாராவது திருகு போடுவாங்களா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அவளுக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். "பேர்த்தகடு இல்லாத மெஷின் நிறையப் பாத்திருக்கேன். வயசை மறைக்கிறவங்க கழட்டுவாங்க. பலத்தைக் கூட்டிச் சொல்றவங்க கழட்டுவாங்க. ரெண்டு பேர்கிட்டயும் நான் வாங்குறதில்ல." பையை மூடினார்.

மனிதர் நட்சத்திரத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது சிகுசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முகம் கோணக் கூடாதென்று அழித்தார்கள்; அழித்ததாலேயே அது கோணிவிட்டது.

"முதலாளி, பழைய மெஷின்ங்கிறத மறைக்கிறோம்னு நினைக்கிறாரு. நட்சத்திரத்தச் சொல்லிடலாமா?"

"வாயத் திறக்காத!"

"திறக்கலேன்னா போயிடுவாரு."

கார்வர் வாசலுக்குப் போய்க் காலிலிருந்த செருப்பை உதறிக்கொண்டிருந்தார். சிகுசா ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. இன்னொரு தரம் கட்டினாள். அதற்குள் அவர் ஒரு காலைத் தன் ஷூவுக்குள் விட்டுவிட்டார். வாக்கியத்தை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"நட்சத்திரம். ராணுவம். நேத்து. நான்." கையால் அராவிக் காட்டினாள். "நீங்க... கோபம். பயம். அதனால."

கார்வர் ஒற்றை ஷூவோடு நின்றார். "ராணுவ நட்சத்திரமா?"

"ஹெல்மெட்" என்றாள் சிகுசா. தலையில் கிண்ணத்தைக் கவிழ்ப்பதுபோல் கை வைத்தாள். பிறகு கிண்ணத்தை நிமிர்த்திச் சோறு அள்ளிச் சாப்பிட்டாள். பிறகு விளக்கு ஓட்டைக் காட்டினாள்.

"எனக்கு அந்த நட்சத்திரத்தத் தெரியும். சண்டையப்ப ஒகினாவாவுல பாத்திருக்கேன்" என்றார் அவர். பிரஸ் பக்கம் கை நீட்டினார். "சரி, அந்த ஓட்டைங்க?"

அது அவளுக்கே தெரியாது. திரும்பிக் குராமோச்சியைப் பார்த்தாள்.

குராமோச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். சுவரின் உச்சியில் இருந்த சாமி அலமாரியின் பின்னால் கைவிட்டுத் துழாவி, துணி சுற்றிய எதையோ எடுத்தார். முகத்தில் தூசி கொட்டியது. பிரித்தபோது பித்தளைத் தகடு ஒன்று, ஆங்கில எழுத்துகளோடு.

"எங்கப்பா அமெரிக்காவுலேர்ந்து வரவழைச்ச மெஷின் இது" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "சண்டை வந்ததும் பட்டறையில எதிரி எழுத்து இருக்கக் கூடாதுன்னாங்க. நான்தான் கழட்டுனேன். ராணுவத்துக்காரங்க அதுக்குக் கீழ நட்சத்திரத்தக் குத்திட்டுப் போனாங்க. சண்டைக்கு உலோகம் சேத்தப்ப தகட்டக் குடுக்க மனசு வரல. மெஷினோட பேராச்சே. சாமிகிட்ட ஒளிச்சு வச்சேன்."

"சண்டை முடிஞ்சதும் திருப்பி மாட்டியிருக்கலாமே?" என்று கேட்டார் நெமோத்தோ.

"மாட்டியிருக்கலாம். அப்ப வெக்கமா இருந்துச்சு. அப்புறம் மறந்தே போச்சு."

சிகுசா முடிந்தவரை சொன்னாள். கார்வர் தகட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தார். தயாரித்த ஊர், வருடம், அழுத்தும் பலம், எல்லாம் அதில் இருந்தன. "எனக்கு மூத்தது" என்றார். "இத முதல்லயே காட்டியிருந்தா நான் ஷூவைத் தேடியிருக்க மாட்டேன்."

பையைத் திறந்தார். முழு ஆர்டர் இல்லை. வசந்தம் வரைக்கும் ஒரு சோதனை ஆர்டர். அடித்து அனுப்பும் ஓடுகளைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்றார். இயந்திரங்களின் தலையில் மோச்சி வைக்க அது போதும்.

அன்றே தகட்டைப் பழைய ஓட்டைகளில் மாட்டினார்கள். அராவிய இடத்தில் அடிக்க நெமோத்தோ பெயிண்ட் டப்பாவோடு வந்தார்.

"வேண்டாண்ணே, திரும்பவும் மறைக்க வேண்டாம்" என்றாள் சிகுசா.

"பெயிண்ட் அடிக்காம விட்டா துருப்பிடிக்கும் புள்ள."

"தெரியும். நான் துடைச்சுக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்."

முதலாளி நெமோத்தோவிடம் கையை நீட்டினார். பெயிண்ட் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இரவு வகுப்பில் சிகுசா எழுந்து நின்றாள். ரயில், பட்டு, இரும்பாலை, போர்க்கப்பல் வரைக்கும் கடகடவென்று வந்தது. பின்வரிசையில் யாரோ பால் பாட்டிலை உருட்டினார்கள். "இந்த இடம் எனக்கு இன்னும் சரியாச் சொல்ல வரல" என்றாள். பிறகு ஹெல்மெட்டில் தொடங்கி, கொஞ்சம் அகிதா வாசத்தோடு, விளக்குக்கு வந்து சேர்ந்தாள். புது ரயிலுக்கு நேரம் இருக்கவில்லை.

மறுநாள் காலை, பிரஸ் ஓடத் தொடங்கும் முன், எண்ணெய்த் துணியோடு அந்த மூலைக்குள் கையை விட்டாள்.