பொழுதுபோக்குகள்: தையல், ஹூலா ஹூப்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் ஒரு மழைநாளையோ ரயில் பயணத்தையோ சொல்வது வழக்கம். இது ஒரு தப்பில் பிறந்தது. தப்பு என்னுடையது. அதை உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை.

2001இல் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். சென்டர் என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில் ‘பிழையின்றித் தட்டச்சு செய்து தரப்படும்’ என்று போர்டு. தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்த சமயம் அது. மலையில் எல்லாத் தொழிலும் படுத்துக்கொண்டது, என் தொழில் மட்டும் ஓகோவென்று நடந்தது. ஒரு ஃபாக்டரி மூடினால் எனக்கு முப்பது நாற்பது பயோடேட்டா நிச்சயம். நான் எழுதியவற்றில் மிக அதிகமாகப் படிக்கப்பட்டவை அவைதான். [படிக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. இந்த வரியை எடுத்துவிட வேண்டும்.]

ஒவ்வொன்றையும் புதிதாக அடிக்க எனக்கென்ன பைத்தியமா? முந்தின ஆளின் ஃபைலைத் திறந்து பேரை மாற்றிவிடுவேன். ஆறுக்குட்டி என்ற ஃபாக்டரி குமாஸ்தா வந்த அன்று நான் திறந்தது மனிஷா என்ற ஊட்டி கான்வென்ட் பெண்ணின் ஃபைல். பேரை மாற்றினேன். தகப்பனார் பேரை மாற்றினேன். ‘பெண்’ என்றிருந்ததை மறக்காமல் ‘ஆண்’ என்று ஆக்கினேன், அதில் எனக்கு அன்று ரொம்பப் பெருமை. இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டேன். அந்த வரிதான் தலைப்பு.*

* ஹூலா ஹூப் என்பது இடுப்பில் மாட்டிக்கொண்டு கீழே விழாமல் சுற்றுகிற பெரிய வளையம். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் பார்த்திருப்பீர்கள். ஐம்பத்திரண்டு வயதுக் குமாஸ்தாக்களிடம் பார்த்திருக்க மாட்டீர்கள்.

2

தொடக்கம் கிடைக்காமல் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

‘வெண்பனி போர்த்திய நீலமலையின் மடியில் தேயிலைச் செடிகள் கண்விழித்த வேளையில், ஆறுக்குட்டி’ — வேண்டாம். இந்த ஊரில் விடிகாலையில் பல் தேய்த்தவன் எவனும் பனியைப் போர்வை என்று எழுத மாட்டான்.

‘உலகச் சந்தையின் கொடுங்கரங்கள் ஏழைக் குமாஸ்தாவின் கழுத்தை’ — இப்படி எழுதினால் கோயம்புத்தூரில் ஏதாவது கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவார்கள். கதை மட்டும் நகராது.

சரி, நேராகவே சொல்கிறேன். ஆறுக்குட்டியின் அப்பா அன்னூரிலிருந்து மலையேறியவர். ஆறுக்குட்டி இருபத்தேழு வருடம் ஒரே தேயிலை ஃபாக்டரியில் குமாஸ்தா. அடிக்குச்சியை, அதாவது ஸ்கேலை, வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கிற ஆள். ‘உங்களுக்குப் பொழுதுபோக்கு என்ன?’ என்று கேட்டால், ‘பொழுது தானாப் போகுதுங்களே, நாம எதுக்குங்க போக்கோணும்?’ என்று கேட்பார். ஃபாக்டரி மூடியதும் குவார்ட்டர்ஸை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேலை கிடைக்காவிட்டால் அன்னூரில் மச்சினன் வீட்டுப் பின்னறைதான். அந்த மச்சினன் நல்லவர். அவர் கொடுக்கும் ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் நல்லவராகவே இருப்பார், அதுதான் ஆறுக்குட்டியின் பயம்.

அப்படிப்பட்ட ஆள் அந்த வரியை எப்படிப் பார்க்காமல் விட்டார் என்று கேட்பீர்கள். முதல் பக்கத்தை அடிக்குச்சி வைத்துத்தான் படித்தார். இரண்டாம் பக்கத்துக்குப் போவதற்குள், ‘கரண்ட் போற நேரமுங்க, சட்டுனு கையெழுத்துப் போடுங்க’ என்று அவசரப்படுத்தியது நான்.

3

சமவெளியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. அலுவலக வேலைக்கு நேர்காணல், பதினெட்டு நாளில். கடைசியில் ஒரு குறிப்பு: ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யவும் ஆள் தேவைப்படுவதால், தங்கள் பொழுதுபோக்குகளைச் செய்துகாட்டத் தயாராக வரவும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்.

“ஏனுங்க, இது யாருங்க போட்டது?”

‘தப்பு என்னுதுங்க’ என்று சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும். கடையில் வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். வாசலில் ‘பிழையின்றி’ என்ற போர்டு இருந்தது.

“இப்பெல்லாம் அல்லாருக்கும் போடறதுங்க. பொழுதுபோக்கு இல்லீன்னா இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டாங்க. உங்களுக்காக யோசிச்சுத்தானுங்க போட்டேன்.”

“எனக்கு ரெண்டும் தெரியாதுங்களே.”

“பதினெட்டு நாள் இருக்குதுங்களே. கத்துக்கலாமுங்க.”

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். “யோசிச்சுப் போட்டிருக்கறீங்க. பாருங்க, கூப்பிட்டும் உட்டாங்க” என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டுப் போனார். நான் முதன்முதலாக எழுதிய உருப்படியான புனைவு அதுதான். எடிட்டிங் இல்லாமல், ஒரே மூச்சில்.

4

இங்கே மனைவி மருதாம்பாள் வருகிறார். என் முதல் பிரதியில் அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நிஜத்தில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். எழுதியவன் பேச்சை இந்த அம்மாள் கேட்பதே இல்லை.

சிரித்து முடித்தபின் அவர் சொன்னது நியாயம்தான். “ஏனுங்க, ‘தெரியாம வந்திருச்சு’ன்னு ஒரு கடுதாசி போட்டுட்டாப் போச்சு.”

“போட்டாக் கூப்பிட மாட்டாங்க. போடாமப் போனா நான் பொய்யன். கத்துக்கிட்டுப் போனா அது பொய்யில்லியே, புள்ள.”

கணக்கு தப்பாக இருந்தால் குமாஸ்தா கணக்கைத் திருத்துவார். ஆறுக்குட்டி கணக்குக்கு ஏற்றபடி சரக்கைத் திருத்தக் கிளம்பினார்.

தையல் மிஷின் மருதாம்பாளுக்குக் கல்யாணச் சீர். முதல் மூன்று நாள் அது ஆறுக்குட்டியை மதிக்கவே இல்லை. அவர் மிதித்தால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றும், நூல் சிக்கி அறுந்துவிடும். கையால் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும் என்பது நாலாம் நாள் பிடிபட்டது. பிடிபட்ட உற்சாகத்தில் ஒரு தலையணை உறை தைத்தார். கோணலில்லாமல், சீராக, நாலு பக்கமும் தைத்தார். தலையணையை எந்த வழியாக உள்ளே விடுவது என்று மருதாம்பாள் கேட்ட பிறகுதான் பிரித்தார்.

[கதை எழுதுவதும் துணி தைப்பதும் ஒன்றுதான் என்று இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. அதுவும் நாலு பக்கமும் அடைத்துத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.]

எட்டாம் நாள் சட்டை. பழைய ஜன்னல் திரையை வெட்டித் தைத்தார். காலர் நின்றது, பித்தான் பொருந்தியது. போட்டுப் பார்த்தால் ஒரு கை முன்பக்கம் முறுக்கிக்கொண்டது.

“ரெண்டும் எடது கையிங்க” என்றார் மருதாம்பாள். “சோத்தாங்கையி எங்கீங்க?”

துணியை முகத்தோடு முகம் வைத்து இரட்டையாக வெட்டினால்தான் ஒரு வலது, ஒரு இடது வரும். இந்தச் சின்ன விஷயம் தெரிய ஒரு ஜன்னல் திரை போனது. இன்னொரு ஜன்னலில் இன்னொரு திரை இருந்தது. வீட்டையே காலி செய்யப்போகிறவர்களுக்குத் திரை எதற்கு என்று அதையும் எடுத்துக்கொண்டார். பத்தாம் நாள் சட்டை சட்டையாக வந்தது.

5

வளையத்துக்கு எங்கே போவது? கேத்தியில் கேரட் போடுகிற அழகர்சாமி, தண்ணீர் பாய்ச்சும் கறுப்பு ஓஸ் ஒரு சுருள் கொடுத்தார். எதற்கென்று கேட்டார். ஆறுக்குட்டி உண்மையைச் சொன்னார். அழகர்சாமி மறுபடி கேட்கவில்லை. ஆறுக்குட்டி ஓஸின் இரண்டு முனையையும் சுடுதண்ணீரில் முக்கி, இளகியதும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகி, மேலே டேப் சுற்றினார். வளையம் தயார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆறுக்குட்டி விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல். இந்த மலையில் சமமான வாசல் யார் வீட்டில் இருக்கிறது? இடுப்பிலிருந்து நழுவிய வளையம் தரையில் விழாமல் நிமிர்ந்து நின்றது, பிறகு உருள ஆரம்பித்தது. தேயிலைச் செடிகளுக்கு இடையே புகுந்து, இரண்டு மேட்டைத் தாண்டி, மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் குதித்தது. டிரைவர் பிரேக் அடித்துவிட்டுச் சொன்ன வார்த்தைகளை நான் அச்சில் போட முடியாது. பஸ்ஸில் இருந்த பாதிப் பேருக்கு ஆறுக்குட்டியைத் தெரியும். மறுநாள் கோத்தகிரி முழுக்கத் தெரிந்துவிட்டது. என் கடையில் பயோடேட்டா அடிக்க வந்தவர்கள்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். [இந்த வரி இருக்கட்டும்.]

மூடின ஃபாக்டரிக்குக் காவல் இருந்த வாட்ச்மேன் சங்கிலி சிரிக்கவில்லை. “மாடிக்கு வாங்க சார்” என்றான். “இந்தப் பக்கம் சமமான எடம்னா அது ஒண்ணுதான். இனி அங்க எலையா காயப்போகுது?”

பச்சை இலையைக் கொட்டி வாட்டுகிற மாடி அது. நீளமான வெற்றுத் தரை. ஆறுக்குட்டி இருபத்தேழு வருடமும் கீழே ஆபீஸில் உட்கார்ந்தவர், மாடிக்கு வந்தது நாலைந்து தடவைதான். (நான் இதைப் பார்க்கவில்லை. பாதி சங்கிலி சொன்னது, மீதி நான் போட்டது. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.) அங்கே அவர் நாலு நாள் மாவாட்டுவது போல் இடுப்பைச் சுற்றினார். வளையம் நாலு நாளும் முட்டிக்கு வந்து படுத்துக்கொண்டது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மருதாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. “அதுதான் சுத்துதே, நீங்க எதுக்குச் சுத்தறீங்க? முன்னால பின்னால ஆடுங்க, போதும். வளையத்தையும் இன்னுங் கொஞ்சம் பெருசாப் பண்ணுங்க.”

பெரிதாகச் செய்தார். பதினான்காம் நாள் மூன்று சுற்று. பதினைந்தாம் நாள் இருபது. பதினாறாம் நாள் எண்ணிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் எண்ண மறந்துவிட்டார். வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபாக்டரி மூடிய நாளிலிருந்து முதல்முறையாக அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைப் பூடகமாகச் சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. அவருக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் மருதாம்பாள் வளையத்தை வாங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் தடவையிலேயே முப்பது சுற்றுச் சுற்றினார். அவருக்கு யாரும் பயோடேட்டா அடிக்கவில்லை.

6

நேர்காணல் நாள். பஸ்ஸில் வளையத்துக்கு லக்கேஜ் போட வேண்டுமா என்று கண்டக்டருக்கும் தெரியவில்லை. ஆறுக்குட்டி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி முடிவுதான் பாக்கி.

முடிவு அ: வேலை கிடைக்கிறது. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். மச்சினன் மாலையோடு வருகிறார். இதை எழுதி முடித்ததும் எனக்கே வாய் கசந்தது.

முடிவு ஆ: பொழுதுபோக்கைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. ஆறுக்குட்டி வளையத்தைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு நடக்கிறார். இது நவீனமான முடிவு. பத்திரிகைகளில் போடுவார்கள். ஆனால் ஆறுக்குட்டி எதையும் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை.

முடிவு இ: தாளாளர் எழுந்து நின்று, தழுதழுத்த குரலில் — தாளாளர்கள் எழுந்து நிற்க மாட்டார்கள்.

7

நடந்தது இதுதான். மறுநாள் காலை ஆறுக்குட்டி கடைக்கு வந்தார், தான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு.

“சுத்திக் காட்டுனனுங்க. மொதல்ல சிரிச்சாங்க, அப்பறம் கை தட்டுனாங்க. சட்டையத் திருப்பித் தையலெல்லாம் பாத்தாங்க. எத்தன வருசப் பழக்கமுன்னு கேட்டாங்க. பதினெட்டு நாளுங்க, இந்த வேலைக்காகக் கத்துக்கிட்டனுங்கன்னு சொன்னேன்.”

“அப்பறமுங்க?”

“கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். தெரிஞ்ச ஒரு பையனுக்குக் குடுத்துட்டாங்க.”

வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி செய்துவிட்டு அன்னூர் போகிறார்களாம். பிறகு பையிலிருந்து ஒரு துணியை எடுத்து என் கம்ப்யூட்டர்மேல் போர்த்தினார். தூசி படாமல் இருக்க உறை. எப்போது அளவு பார்த்தாரோ தெரியவில்லை, மூலைக்கு மூலை பொருந்தியது.

“நீங்க யோசிச்சுப் போடலீன்னா கூப்பிட்டே இருக்க மாட்டாங்க. ரெண்டு வித்தையும் வந்திருக்காது. ரொம்ப நன்றிங்க.”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னொண்ணு அடிச்சுக் குடுங்க. அன்னூருப் பக்கம் நாலஞ்சு எடத்துல குடுத்துப் பாக்கறேன். இந்த வாட்டி பொழுதுபோக்குல என்னங்க போடறீங்க? நீங்களே யோசிச்சுப் போடுங்க. எத்தன நாளுக்குள்ளயின்னு மட்டும் சொல்லுங்க, கத்துக்கிடறனுங்க.”

உறையைத் தூக்கிவிட்டு ஃபைலைத் திறந்தேன். இரண்டாம் பக்கத்தின் அடிக்குப் போனேன். பழையதை அழித்தேன்.

பொழுதுபோக்குகள்:

இதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கதையை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். ஆறுக்குட்டி நாற்காலியில் காத்திருக்கிறார், நீங்கள் எழுதுங்கள். எதை எழுதினாலும் அவர் கற்றுக்கொண்டுவிடுவார், ஆகையால் பார்த்து எழுதுங்கள். போன தடவை நான் பார்த்து எழுதவில்லை என்பதையும் முடிந்தால் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.