முதலில் எந்த மீனை விடுவது

1

இந்தக் கதை பிறந்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "தொட்டிக்குள்ள கைய விடாதீங்க. கை சும்மா இருக்காதுன்னா எதையாவது எழுதுங்க" என்றாள் என் மனைவி சங்கரேஸ்வரி. எழுதுகிறேன்.

தொட்டி என்பது நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், மணல், பாறை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டிய சங்கரன்கோவிலில், எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு துண்டுக் கடல்.

நான் பத்திர எழுத்தர். கிரையம், தானம், பாகப்பிரிவினை என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். கதை இதுதான் முதல். அதனால் தொடக்கம் இப்படி வந்துவிட்டது:

"மேற்படி தொட்டிக்கு நாற்புற எல்லையாவது: கிழக்கே டிவி, மேற்கே வாசல் நிலை, வடக்கே சாமி அலமாரி, தெற்கே செருப்பு ஸ்டாண்டு, இதற்குட்பட்ட..."

சங்கரி வாசித்தாள். "இத வாசிக்கவன் முத்திரைத்தாள் எங்கன்னு கேப்பான்" என்றாள். அடித்துவிட்டேன்.

இனி அடைப்புக்குறிக்குள் வருபவை எல்லாம் அவள் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதியவை. அவள் பார்க்காமல் இதில் ஒரு வரியும் வெளியே போகாது. (பத்திரத்திலேயே பிழை விடுற ஆளு. – ச.)

2

இரண்டாவது தொடக்கத்தில், முதல் வரியிலேயே ஒருவரைக் கதைக்குள் விட்டேன். அவ்வளவுதான். நாலு பக்கமும் அவரே பேசினார். சங்கரி உள்ளே வர ஓர் இடுக்குகூட மிச்சமில்லை. நான் இரண்டு இடத்தில் "ஆமாம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

"தொட்டியில பண்ணுன அதே தப்ப தாள்லயும் பண்ணுதிய" என்றாள் சங்கரி.

அந்தத் தப்பு என்னவென்று தெரியாமல் இந்தக் கதை விளங்காது. புதுத் தொட்டியில் மீன் விடுவதற்கு ஒரு வரிசை உண்டு. பயந்த மீனை முதலில் விட வேண்டும். சாதுவை அடுத்து. அடாவடிக்காரனைக் கடைசியில். முதலில் இறங்குகிறவன் தொட்டி முழுவதும் தன் பெயருக்குப் பட்டா ஆனதாக நினைத்துக்கொள்வான். பிறகு வருகிறவர்கள் எல்லாம் அவன் கண்ணுக்கு ஆக்கிரமிப்பாளர்கள்.

ஆகவே நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டு, பயந்தவர்களிலிருந்து தொடங்குகிறேன். அவர் வருவார். கொஞ்சம் பொறுங்கள்.

3

முதலில் ஃபயர்ஃபிஷ். என் சுண்டுவிரல் நீளம். முன்பாதி வெள்ளை, பின்பாதி நெருப்பு. யாராவது உரக்கத் தும்மினால் ஓடி ஒளியும். ரொம்பப் பயந்தால் தண்ணீரைவிட்டே வெளியே குதித்துச் செத்துப்போகும். அதற்காகத்தான் தொட்டிக்கு வலை மூடி.

அடுத்து கோமாளி மீன் இரண்டு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. சாதுவானவை.

அடுத்த பயந்த ஜீவன் நான். (வரிசையில மொதல்ல வந்திருக்கணும். – ச.)

சங்கரி பயந்தவள் இல்லை. தூத்துக்குடியில் கடல் உயிரியல் படித்தவள். படித்து முடித்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, பத்தொன்பது வருஷமாக மெடிக்கல் ஸ்டோரில் இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். மகள் படிக்கக் கோயம்புத்தூர் போனதும் ஒருநாள், "எனக்கு ஒரு தொட்டி வேணும்" என்றாள். அவள் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அது.

நிஜப் பவளம் வைத்தால் சட்டப்படி குற்றம் என்று அவளே சொல்லி, சிமெண்டும் சிப்பியும் கலந்து பாறை வார்த்தாள். எங்கள் வீட்டுக்கு முதல் ஏசி அந்தத் தண்ணீருக்காகத்தான் வந்தது. பிறகு ஆறு வாரம் மீனே விடவில்லை. தண்ணீர் பழுக்க வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் முதலில் குடியேறி, மீனின் கழிவை விஷமில்லாமல் ஆக்கப் பழக வேண்டுமாம்.

ஊரே பார்க்க வந்தது. பக்கத்து வீட்டு முத்துமாரி தண்ணீரையும் பாறையையும் அரை மணி நேரம் பார்த்தாள்.

"மீன எங்க சங்கரி?"

"இன்னும் வரலக்கா."

"பொறவு ஏசி யாருக்கு ஓடுது?"

"தண்ணிக்கு."

முத்துமாரி என்னைப் பார்த்தாள். சாவு விழுந்த துட்டி வீட்டில் பார்க்கிற பார்வை.

அந்த ஆறு வாரமும் சங்கரி காலையில் சின்னக் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். எழுதும்போது பாட்டு முணுமுணுப்பாள். அவளுக்குப் பாட்டு வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சந்தோஷமாக இருந்தாள். அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். கணவன் என்ற பாத்திரம் இந்தக் கதைக்குத் தேவையா? எடுத்துவிட்டால் கதை சிக்கனமாக இருக்கும். (நழுவப் பாக்காதீங்க. – ச.)

சரி. இனி அவரை விடலாம்.

அத்தான், என் அக்காள் கணவர் ஆறுமுகச்சாமி. எங்கள் குடும்பத்தில் அவர் கை படாமல் எந்தக் காரியமும் தொடங்காது. வீட்டுக்கு முதல் கல் அவர்தான் எடுத்து வைத்தார். மகளுக்கு அரிசியில் முதல் எழுத்து அவர் பிடித்த விரலில்தான். புது மிக்சியில் முதல் சட்னியை அரைத்தவரும் அவரே. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே என் மேஜை கிடக்கிற கட்டடம் அவருடையது. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாள் வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்திருந்தவர் அவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம்.

மீன் விடும் நாளைக் குறித்ததும் அவர்தான். நல்ல நேரம் பத்தரை. வந்ததும் கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், புது வண்டிக்கு வைப்பதுபோல. பிறகு பையிலிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்தார். உள்ளே கரிய மீன் ஒன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, இரண்டு விலாவிலும் பொட்டு.

"மதுரையில வாங்குனேன், மாப்ளே. டோமினோன்னு பேராம். நெத்தியப் பாத்தியா? விபூதி பூசிட்டு வந்திருக்கான். இவந்தான் மொதல்ல எறங்கணும்."

சங்கரியின் முகம் மாறியது. "அண்ணாச்சி, இது கடைசியா விடுற மீனு. மொதல்ல விட்டா மத்தத வாழ விடாது."

"மொத மரியாத சாமிக்குத்தானம்மா" என்று அத்தான் என்னைப் பார்த்தார். சங்கரியும் என்னைப் பார்த்தாள்.

அப்போது நான் சொன்னேன்: "அத்தான், மன்னிக்கணும். தொட்டி சங்கரியோடது. அவ சொல்லுத வரிசையிலதான்..."

(பொய். – ச.)

சரி. நான் எதுவும் சொல்லவில்லை. சுவரோரமாக நின்றிருந்தேன்.

(இதுவும் பொய். – ச.)

நான்தான் மூடியைத் திறந்துவிட்டேன். அத்தான் குனிய வசதியாக ஸ்டூலையும் எடுத்துப் போட்டேன். போதுமா?

5

அன்றிலிருந்து மேற்படி தொட்டியை, வடக்கே ஃபில்டர் முதல் தெற்கே கண்ணாடி வரை, மேலே நீர்மட்டம் முதல் கீழே மணல் வரை, டோமினோ சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்து வந்தது.

ஃபயர்ஃபிஷ்ஷை அன்றே ஒரு மணி நேரம் கழித்து விட்டோம். பாதித் தொட்டியைக் கடப்பதற்குள் வாலில் ஒரு கிழிசல். பம்புக் குழாய்க்குப் பின்னால் போனது, பிறகு வரவே இல்லை. சங்கரி ஊசி மாட்டாத சிரிஞ்சில் இரையை உறிஞ்சி, குழாய்க்குப் பின்னால் பீய்ச்சுவாள். இரண்டு வாரம் கழித்து வந்த கோமாளிகள் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன, பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸை விட்டவர்கள்போல.

தூத்துக்குடியிலிருந்து எங்களுக்கு மீன் அனுப்புகிற முகம்மது அப்சலுக்குப் போன் போட்டேன்.

"டோமினோவா? அத கடைசியா விடணும்ணே. இல்லன்னா விடவே கூடாது. யாரு விட்டது?"

"சொந்தக்காரர்" என்றேன்.

"அப்ப கஷ்டம்" என்றான் அப்சல்.

பாறைகளை எல்லாம் கலைத்து வேறுமாதிரி அடுக்கினாள் சங்கரி. இடம் புதிதாகத் தெரிந்தால் அதிகாரம் மறந்துபோகும் என்பது கணக்கு. டோமினோ ஒரு சுற்றுச் சுற்றி மறு அளவை செய்துவிட்டு, எல்லாமே தன்னுடையது என்று மறுபடி தீர்மானித்தது. அத்தானோ வாரம் ஒருநாள் வந்து கண்ணாடி முன்னால் உட்காருவார். "ராஜா மாதிரி இருக்காம்லே" என்பார். நான் ஆமாம் என்பேன்.

நேற்று சனிக்கிழமை. தண்ணீர் பாட்டிலை வெட்டிச் செய்த பொறியில் டோமினோ மாட்டிக்கொண்டது. சங்கரி அதை ஒரு வாளியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, காற்றுக் குழாய் போட்டு வைத்தாள். அப்சல் ஞாயிறு சாயங்காலம் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து அத்தான் போன் செய்தார். ஞாயிறு ஐந்து மணிக்கு, புதுச் சம்பந்தி சண்முகையாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம், 'நம்ம மீனை'க் காட்ட.

சங்கரி சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை.

"அவுக வந்ததும் நீங்க சொல்லிருங்க, இது இங்க இருக்காதுன்னு. நா சொன்னா எடுபடாது, அன்னைக்கே பாத்தாச்சு. நீங்களும் சொல்லலன்னா, இத திருப்பி உள்ள விட்டுட்டு மத்த மூணையும் அப்சல்ட்ட குடுத்துருதேன். அண்ணாச்சி தொட்டியாவே இருந்துட்டுப் போட்டும். எனக்கு மெடிக்கல் இருக்கு."

கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை.

6

முடிவு எழுத உட்கார்ந்தேன். கைவசம் சில உண்டு.

அ) டோமினோ தானாகவே வாளியிலிருந்து துள்ளி விழுந்து உயிரைவிடுகிறது. விதி. (வாளிக்கு மேல தாம்பாளம் வச்சிருக்கேன். – ச.)

ஆ) கிழிந்த வாலைப் பார்த்து அத்தான் மனம் கசிகிறார். "தங்கச்சி, நா தப்புப் பண்ணிட்டேன்" என்று கண் கலங்குகிறார். (யாரு, நம்ம அண்ணாச்சியா? – ச.)

இ) டோமினோவுக்குத் தனித் தொட்டி வாங்கித் தனிக்குடித்தனம் வைக்கிறோம். (அதுக்கு ஏசி? – ச.)

ஈ) சங்கரியே சொல்லிவிடுகிறாள். இதை நன்றாக எழுதினேன். இரண்டு பக்கம். புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று, வாதம் வாதமாக அடுக்குகிறாள். சம்பந்தி வாயடைத்துப்போகிறார். கணவன் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இதை வாசித்த சங்கரி ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

7

மணி நாலே முக்கால். வாசகரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இவ்வளவு தெரிந்துவிட்டது. நீங்கள் எங்கள் சொந்தமும் இல்லை, அவர் கட்டடத்தில் உங்களுக்கு மேஜையும் இல்லை. நீங்களே பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன? அத்தான் நம்பர் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள், 94

(அடுக்களையில இருந்து வந்து அடிச்சேன். – ச.)

சரி, அப்படியானால் கதையை இங்கேயே நிறுத்திவிடலாம். முடிவில்லாமல் விடுவதும் ஒரு முறைதான் என்று சொல்லிக்கொள்ளலாம். தெருமுனையில் அத்தானின் கார் திரும்புகிற சத்தம் கேட்கிறது, ஆகவே இந்த வாக்கியத்தை நான்

8

இதை அவர்கள் போன பிறகு எழுதுகிறேன்.

அத்தான் சம்பந்தியை உட்கார வைத்துவிட்டுக் கண்ணாடியில் விரலால் தட்டினார்.

"எங்கடே நம்ம ஆளு? ஒளிஞ்சு வெளாடுதானா?"

சங்கரி காப்பித் தட்டோடு நின்றாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. அன்றைக்காவது என்னைப் பார்த்தாள்.

"அத்தான்" என்றேன். "அது வாளியில கெடக்கு. எடுத்தாச்சு."

"எதுக்கு எடுத்த?"

"மத்த மீன அது இருக்க விடல. ஒண்ணுக்கு வாலே கிழிஞ்சுபோச்சு. அன்னைக்கு அத மொதல்ல விட்டது தப்பு. சங்கரி வேண்டாம்னுதான் சொன்னா. நாந்தான் மூடியத் தெறந்தேன், அது என் தப்பு. இப்ப அப்சல் வந்து கொண்டுபோயிருவான். இனி இந்தத் தொட்டிக்குள்ள எது எப்பம் போகணும்னு அவ சொல்லுவா. நீங்களும் இல்ல அத்தான், நானும் இல்ல."

அவர் கட்டடத்தில் மேஜை போட்ட இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. சண்முகையா காப்பியைக் கையில் வாங்காமலேயே ஆற்றுவதுபோல வாயைக் குவித்துக்கொண்டிருந்தார். சங்கரி காப்பித் தட்டை ஸ்டூலின்மேல் வைத்தாள்.

அத்தான் வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

இங்கே மூன்று வரி இடம் விடுகிறேன். உங்கள் குடும்பத்திலும் ஓர் அத்தான் இருப்பார். அவர் குரலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

....................................................

....................................................

....................................................

எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம். கோபமாக எழுதினால் திங்கட்கிழமை என் மேஜையைத் தெருவில் தேடிக்கொள்கிறேன். எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாளே பயந்துபோய் ஓடிவந்து, ரத்துப் பத்திரம் எழுதச் சொன்ன எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்று நான் சொன்னதற்கு எனக்கு அப்படி ஒன்று எழுதிக்கொள்ளவில்லை.